பட்டமும் பேக்கிங்கும்

பொறியியல் பட்டம் பெற்றவர் இல்லாத தெருவே இன்று தமிழகத்தில் இல்லை என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஏட்டையும் எழுத்தையும் ஒரு சிலருக்கே உரிமையாக்கி வைத்திருந்த நாட்டில், ஏர் பிடித்தவர் மகனும் துணி வெளுத்தவர் மகளும் எந்திரங்களின் இலக்கணத்தைக் கற்று வெளியே வருகிறார்கள் என்றால், அது சிறிய மாறுதல் அன்று. ஆனால் அந்தப் பெருமையின் பக்கத்திலேயே ஒரு கேள்வியும் நிற்கிறது. பட்டம் பெற்ற அந்தத் தம்பியை அழைத்து, பழைய கார் ஒன்றின் முன்மூடியைத் திறந்து காட்டி, "இந்த எஞ்சின் ஏன் ஸ்லோவில் நிற்காமல் அணைந்து அணைந்து போகிறது?" என்று கேட்டால் என்ன விடை வரும்?

பெரும்பாலும், "மெக்கானிக்கைக் கூப்பிடலாம்" என்பதே விடையாக வரும். மெக்கானிக்கும் வருவார், காதைச் சாய்த்து ஒரு நிமிடம் கேட்பார், "மேனிபோல்டு பேக்கிங் போயிருக்கு" என்று ஒரே வரியில் நோயைச் சொல்லிவிடுவார். நான்கு ஆண்டுகள் படித்தவருக்குத் தெரியாதது, எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவருக்குத் தெரிந்திருக்கிறது. இதைக் கண்டு நாம் வெட்கப்படுவதில்லை. அதுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது.

தமிழ் மன்ற இதழில் எழுதுவதற்கு வேறு பொருளே கிடைக்கவில்லையா என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். கவிதைக்கு இடம் உண்டு. கலைக்கு இடம் உண்டு. மேடைப் பேச்சுக்கு இடம் உண்டு. எண்ணெய்க் கறை படிந்த ஒரு பேக்கிங்குக்கு மட்டும் இடம் இல்லை என்றால், நம் தமிழ் யாருடைய தமிழ்? உழைப்பவனின் பட்டறைக்குள் நுழைய அஞ்சும் மொழி, அரியணையில் ஏறியும் பயன் இல்லை. ஆகவே அந்தச் சிறிய பொருளைப் பற்றியே பேசுவோம்.

அம்பாசடரின் மார்பில் ஓர் ஓட்டை

இடக்கொச்சியை நம்மில் பலர் அறிவோம். மட்டாஞ்சேரியைத் தாண்டி, பள்ளுருத்தியைக் கடந்து தெற்கே வந்தால் அரூர்ப் பாலத்துக்கு முன் வரும் ஊர். ஒரு பக்கம் காயல். இன்னொரு பக்கமும் தண்ணீரின் வாடை. ஜூன் பிறந்தால் மழை நிற்காது. மழை ஓய்ந்தால் உப்புக் காற்று ஓயாது. இரும்பைத் தின்னும் காற்று அது. இத்தகைய ஊரில் ஒரு பழைய அம்பாசடர் காரை ஓடவைப்பது ஏறத்தாழ ஒரு போராட்டம். அங்கே பட்டறையில் மூத்தவரை 'ஆசான்' என்று அழைக்கிறார்கள். நாம் நம் ஊரில் 'மேஸ்திரி' என்கிறோம். பள்ளிக்கூடத்து ஆசிரியரை அழைக்கும் சொல்லாலேயே பட்டறை முதல்வரையும் அழைக்கும் அந்த வழக்கத்தை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

அம்பாசடரின் வரலாறு அனைவரும் அறிந்ததே. 1942 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம், ஆங்கில நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் மூன்றாம் வரிசையைத் தழுவி, 1957-இல் வங்கத்தின் உத்தரபாராவில் அம்பாசடரை உருவாக்கத் தொடங்கியது. 1959-இல் அதற்கு 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள, மேல்வால்வு அமைப்புடைய பி-வரிசை எஞ்சின் வந்து சேர்ந்தது. அமைச்சரையும் சுமந்தது, வாடகை வண்டியாகவும் ஓடியது, கலியாண மாப்பிள்ளையையும் ஏற்றிச் சென்றது. 2014 மே மாதத்தில் உற்பத்தி நின்றது. வண்டிகள் மட்டும் முழுவதும் நிற்கவில்லை. நம் தமிழகத்துக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. சென்னைக்கு வடக்கே எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக் கொடுத்தது. சென்னையின் தெற்கே ஸ்டாண்டர்டு நிறுவனம் ஹெரால்டு காரைச் செய்து விற்றது. அந்த வண்டிகளைப் பார்த்து வளர்ந்த தலைமுறை இன்று முதுமையில் இருக்கிறது. அவற்றைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த தலைமுறையும் அப்படியே.

இப்போது எஞ்சினுக்கு வருவோம். கார்ப்பரேட்டரில் பெட்ரோலும் காற்றும் கலக்கின்றன. அந்தக் கலவையைச் சிலிண்டர் தலைக்குக் கொண்டுசேர்க்கும் கிளைக்குழல்தான் உள்ளிழுக்கும் மேனிபோல்டு. இரண்டும் உலோகம், உலோகமும் உலோகமும் எவ்வளவு இழைத்தாலும் காற்றுப் புகாதபடி பொருந்துவதில்லை. ஆகவே இடையில் மென்மையான ஒரு தகட்டை வைத்து இறுக்குகிறார்கள். அதுவே பேக்கிங். புத்தகத்தில் அதைக் கேஸ்கட் என்பர். இடையில் நின்று இரண்டையும் ஒன்றாக்கும் அந்தப் பொருளை யாரும் நினைப்பதில்லை. அது கெட்டால்தான் நினைக்கிறோம்.

கெட்டால் என்ன நேரும்? எஞ்சின் ஸ்லோவில் ஓடும்போது, மேனிபோல்டின் உள்ளே காற்றழுத்தம் வெளியில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்குதான் இருக்கும். வெளிக்காற்று எந்தச் சந்து கிடைக்கும் என்று காத்திருக்கிறது. உள் அழுத்தம் வெளி அழுத்தத்தில் 0.53 பங்குக்குக் கீழே இறங்கினால், சந்து வழியே பாயும் காற்று ஒலியின் வேகத்தையே எட்டிவிடும் என்பதை இயற்பியல் மாணவர்கள் படித்திருப்பார்கள். மெக்கானிக்கின் காதில் விழும் அந்தச் 'சீ' என்ற சீறல் வேறொன்றுமில்லை. நம் பாடப் புத்தகத்தின் சூத்திரம்தான். சூத்திரத்தை மனப்பாடம் செய்த நமக்கு அந்தச் சத்தம் தெரியவில்லை. சத்தத்தை அறிந்த அவருக்குச் சூத்திரம் யாரும் சொல்லித் தரவில்லை.

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர மில்லிமீட்டர் அளவுள்ள பொத்தல் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். அதன் வழியே ஒரு நொடிக்கு ஏறத்தாழ 0.17 கிராம் காற்று புகும். இந்த எஞ்சின் ஸ்லோவில் ஓட ஒரு நொடிக்கு ஏறத்தாழ 3 கிராம் காற்றை இழுக்கும். ஆக, குண்டூசித் தலை அளவுகூட இல்லாத ஒரு சந்து, நூற்றுக்கு ஐந்து ஆறு பங்கு காற்றைத் திருட்டு வழியில் உள்ளே விடுகிறது. அது மட்டுமா? பி-வரிசை எஞ்சினின் தலையில் நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து உள்ளிழுக்கும் வாய்கள் இரண்டே. ஒன்றாவதும் இரண்டாவதும் ஒரு வாயைப் பங்கிடுகின்றன. மூன்றாவதும் நான்காவதும் மற்றொன்றைப் பங்கிடுகின்றன. ஒரு வாயின் ஓரத்தில் பேக்கிங் கிழிந்தால், திருட்டுக் காற்றில் பெரும்பகுதி அந்த இரண்டு சிலிண்டருக்கே போய்ச் சேரும். அப்போது அவற்றின் பங்கில் கூடுதல் காற்று நூற்றுக்குப் பத்தைத் தாண்டிவிடும்.

பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு என்பது எடைக் கணக்கில் சரியான கலவை. அந்த இரண்டு சிலிண்டரில் மட்டும் அது 16-ஐத் தாண்டும். கலவை மெலிந்தால் தீப்பற்றுவது தடுமாறும், எஞ்சின் நடுங்கும், சில வேளை கார்ப்பரேட்டர் வழியே எதிர்வெடி வெடிக்கும், பிளக்குகள் வெளுத்துப்போகும், எரியாத பெட்ரோல் புகையோடு வெளியேறும். ஓட்டுநர் என்ன செய்வார்? ஸ்லோ திருகைத் திருகுவார். கலவைத் திருகைத் திருகுவார். இரண்டு சிலிண்டரின் பசிக்காக நான்குக்கும் பெட்ரோலை அள்ளிக் கொட்டுவார். சில நூறு ரூபாய்ப் பொருளை மாற்றாமல், மாதந்தோறும் அதைவிடக் கூடுதலான பணத்தைப் புகையாக்குவார். நோய் ஓரிடம், மருந்து வேறிடம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

புதிய எரிபொருளும் பழைய எஞ்சினும்

"இதெல்லாம் பழங்கதை" என்று சொல்பவர்களுக்கு ஒரு செய்தி. 2025 ஆம் ஆண்டில் நம் நாட்டின் பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் என்ற நிலைக்கு வந்துவிட்டோம். எத்தனாலுக்குள்ளேயே உயிர்வளி இருக்கிறது. அது எரியத் தேவைப்படும் காற்று குறைவு. ஆகவே இந்தக் கலப்புப் பெட்ரோலுக்குச் சரியான காற்றளவு 14.7 அன்று, ஏறத்தாழ 13.5. புதிய வண்டியில் மின்னணுக் கருவி ஒன்று புகையை முகர்ந்து பார்த்து அளவைத் திருத்திக்கொள்கிறது. பழைய கார்ப்பரேட்டருக்கு அந்த மூக்கு இல்லை. பித்தளை ஜெட்டில் உள்ள துளை எத்தனையோ அத்தனைதான். எனவே பழைய வண்டி, எந்தக் கோளாறும் இல்லாமலேயே, முன்பைவிட நூற்றுக்கு எட்டுப் பங்களவு மெலிந்த கலவையில் ஓடத் தொடங்கிவிட்டது. அதன்மேல் பேக்கிங்கும் கசிந்தால்? முன்பு வண்டி பொறுத்துக்கொண்ட கசிவை இப்போது பொறுக்காது. எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களையும் பதம்பார்க்கும். ஆகவே இந்த வேலையின் தேவை குறையவில்லை, கூடியிருக்கிறது.

மற்றொரு பக்கத்தில் சட்டமும் நெருக்குகிறது. 15 ஆண்டைத் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆயிற்று. இருபது ஆண்டைத் தாண்டியவற்றுக்கு 2025-இல் அது மேலும் உயர்ந்தது. தகுதிச் சோதனையில் புகை அளவு தவறினால் வண்டி பழைய இரும்புக் கடைக்குத்தான். அந்தப் புகை அளவு தவறுவதற்குக் காரணம் சில வேளை எஞ்சினின் முதுமை; சில வேளை வெறும் பேக்கிங். எது எது என்று பிரித்தறியத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் வாடகை வண்டிக்காரர் ஒருவரின் பிழைப்பு காப்பாற்றப்படும். தெரிந்தவர் இல்லையேல் அந்தக் குடும்பத்தின் சோறு இரும்பு விலைக்கு எடைபோடப்படும். நாம் பேசுவது ஒரு தகட்டைப் பற்றியா, ஒரு குடும்பத்தைப் பற்றியா என்று எண்ணிப் பாருங்கள்.

வேலையின் இலக்கணம்

இந்த வேலை எளிது என்று யாரும் எண்ண வேண்டாம். எளிதாகத் தோன்றும், அவ்வளவுதான். அதற்கும் ஓர் இலக்கணம் உண்டு. தொல்காப்பியம் போல் வரிசை பிறழாத இலக்கணம்.

முதலில் நோயை உறுதிசெய்ய வேண்டும். எஞ்சின் ஸ்லோவில் ஓடும்போது மேனிபோல்டு சேரும் இடத்தில் சிறிது சிறிதாகத் தண்ணீர் தெளித்தால், சந்து உள்ள இடத்தில் தண்ணீர் உறிஞ்சப்படும். எஞ்சினின் குரல் ஒரு கணம் மாறும். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் பெட்ரோல் தெளித்துப் பார்க்கும் வழக்கமும் சிலரிடம் உண்டு. அது தீயோடு விளையாடுவது, செய்யக் கூடாது.

அடுத்து, எஞ்சின் ஆற வேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றி, ஏர் கிளீனரை எடுத்து, பெட்ரோல் குழாய், ஆக்சிலேட்டர் கம்பி, சோக் கம்பி, டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வெற்றிடக் குழாய் ஆகியவற்றை ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டும். பி-வரிசையில் உள்ளிழுக்கும் மேனிபோல்டும் எக்ஸாஸ்ட் மேனிபோல்டும் எஞ்சினின் ஒரே பக்கத்தில், ஒரே பேக்கிங்கில் அமர்ந்திருக்கின்றன. ஒன்றைத் தொட்டால் மற்றதையும் தொட்டாக வேண்டும். ஆகவே சைலன்சர் குழாயின் பிணைப்பையும் கழற்ற வேண்டும். இங்கேதான் இடக்கொச்சியின் உப்புக் காற்று தன் கைவரிசையைக் காட்டும். துருவேறிய நட்டை அவசரப்பட்டுத் திருகினால் ஸ்டட் ஒடிந்து தலைக்குள் தங்கிவிடும். பிறகு ஒரு மணி நேர வேலை இரண்டு நாள் வேலை ஆகும். முதல் நாளே எண்ணெய் விட்டு ஊறவைத்து, மறுநாள் முன்னும் பின்னுமாக அசைத்துக் கழற்றுவதே முறை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது பட்டறையில் பிறந்த பழமொழியோ என்று தோன்றும்.

பிறகு சுத்தம் செய்தல். திறந்த வாய்களில் துணியை அடைத்துவிட்டு, ஒட்டிக்கொண்ட பழைய பேக்கிங்கைச் சுரண்ட வேண்டும். இரும்பு உளியால் கீறினால் கீறலே புதிய சந்தாகிவிடும்; மரமோ பித்தளையோ நல்லது. நேர்த்தகடு ஒன்றை வைத்து முகம் சமமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வளைந்திருந்தால் எத்தனை பேக்கிங் மாற்றினாலும் பயன் இல்லை. முகத்தை இழைத்துச் சமப்படுத்த வேண்டும். வளைவதற்கும் காரணம் உண்டு. பல எஞ்சின்களில் உள்ளிழுக்கும் மேனிபோல்டு அலுமினியம், தலை வார்ப்பிரும்பு. சூட்டில் அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு விரியும். ஒவ்வொரு நாளும் சூடேறி ஆறும்போது இரண்டும் ஒன்றையொன்று தேய்க்கின்றன. இடையில் நிற்கும் பேக்கிங் அந்தச் சண்டையைத் தாங்கித் தாங்கிக் கடைசியில் கிழிகிறது.

இனிப் பூட்டுதல். இந்த எஞ்சினில் ஓர் அழகான அமைப்பு உண்டு. உள்ளிழுக்கும் மேனிபோல்டின் விளிம்பையும் எக்ஸாஸ்ட் மேனிபோல்டின் விளிம்பையும் ஒரே ஸ்டட்டில் அமர்ந்த ஒரே பெரிய வாஷர் சேர்த்துப் பிடிக்கிறது. இரு விளிம்பும் ஒரே தடிப்பாக இருந்தால் இருவருக்கும் சம நீதி. ஒன்றை மட்டும் இழைத்து மெலியவைத்துவிட்டால் வாஷர் தடித்ததன்மேல் சாய்ந்துகொள்ளும். மெலிந்தது பிடிப்பில்லாமல் தொங்கும். புதிய பேக்கிங்கும் சில நாளில் கசியும். "புதுப் பேக்கிங் போட்டும் நிற்கவில்லையே" என்று அலுத்துக்கொள்பவர்களின் வண்டியில் பல வேளை இதுதான் குறை. நட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி இரு புறமும் மாறி மாறி, சிறிது சிறிதாக, கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்க வேண்டும். ஓர் ஓரத்தை முதலில் இறுக்கினால் மறு ஓரம் தூக்கிக்கொள்ளும். வண்டி ஒரு முறை சூடேறி ஆறியபின் மீண்டும் ஒரு முறை இறுக்கம் பார்க்க வேண்டும். பெட்ரோல் படும் இடத்தில் சாதாரணச் சிலிக்கான் பசையைத் தடவுவது வீண். அது ஊறிப் பிய்ந்து உள்ளே போகும்.

இவ்வளவையும் இடக்கொச்சிப் பட்டறையில் நிற்கும் ஓர் ஆசான் ஒரு சொல்லும் பேசாமல் செய்துவிடுகிறார். வெப்ப விரிவு, அழுத்த வேறுபாடு, விசைப் பங்கீடு, உலோகக் களைப்பு என்று நாம் நான்கு பாடங்களாகப் படித்ததை அவர் ஒரே வேலையாகக் கைகளில் வைத்திருக்கிறார்.

யாருடைய நுரையீரல்?

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பழைய பேக்கிங்குகள் பலவற்றில் கல்நார் கலந்திருந்தது. உலர்ந்த நிலையில் சுரண்டினால், அல்லது காற்றுக் குழாயால் ஊதினால், அதன் நுண்ணிழைகள் பறந்து நுரையீரலில் தங்கும். பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயாய்த் தலைகாட்டும். கல்நாரில் எல்லா வகையும் புற்றுநோய் தருவதே என்று உலக நலவாழ்வு நிறுவனம் சொல்கிறது. உலகில் 50-க்கும் மேற்பட்ட நாடுகள் அதைத் தடைசெய்துவிட்டன. ஈரப்படுத்திச் சுரண்டு, ஊதாதே, தூளைத் துணியால் துடைத்துப் பையில் கட்டு, முகத்துக்குத் தகுந்த காப்பு அணி. இந்த நான்கு வரியைப் பட்டறைச் சுவரில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி ஒட்ட எவ்வளவு செலவாகும்? அந்த அறிவு நம் நூலகத்தில் இருக்கிறது. ஆபத்து அவர்கள் மூச்சில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம் சில மைல்தான். ஆனால் யாரும் நடக்கவில்லை. கற்றவன் தன் கல்வியைக் கல்லாதவனின் உயிருக்குக் காவலாக்காவிட்டால், அந்தக் கல்வி எதற்கு?

எதிர்வாதங்கள்

"பழைய வண்டிகள் காற்றைக் கெடுப்பவை, அவை ஒழிவதே நல்லது" என்று ஒரு வாதம். அதில் உண்மை உண்டு. புகையைத் தூய்மையாக்கும் கருவியே இல்லாத அம்பாசடர், புதிய காரைவிட மிகுதியாக மாசு செய்யும் என்பதை மறுக்க முடியாது. எல்லாப் பழைய வண்டியையும் என்றென்றும் ஓட்டுங்கள் என்று நான் வாதாடவில்லை. ஆனால் ஓடுகின்ற நாள்வரை அது ஒழுங்காக ஓட வேண்டாமா? பேக்கிங் கசியும் வண்டி, கசியாத வண்டியைவிட எரியாத பெட்ரோலை அதிகம் துப்புகிறது. வண்டிக்காரருக்குப் புது வண்டி வாங்கப் பணம் சேரும்வரை, பழையதைச் செப்பம் செய்வதே காற்றுக்கும் நல்லது, அவருக்கும் நல்லது.

"நாளைய வண்டி மின்சாரத்தில் ஓடும், அதில் மேனிபோல்டே இல்லை" என்று இன்னொரு வாதம். மேனிபோல்டு இல்லை, ஆனால் தண்ணீர் புகாமல் மின்கலப் பெட்டியை மூடும் அடைப்பு இருக்கிறது, குளிர்நீர் ஓடும் இணைப்புகள் இருக்கின்றன. இரண்டு பொருள் சேரும் இடத்தில் கசிவு என்ற கேள்வி எழாத எந்திரம் இன்னும் பிறக்கவில்லை. நாம் கற்க வேண்டியது அம்பாசடரை மட்டும் அன்று. கோளாறைக் கண்டு, காரணத்தை ஆராய்ந்து, கையால் திருத்தும் முறையை. பழைய எஞ்சின் அதற்கு நல்ல பள்ளிக்கூடம். அதில் எதுவும் மறைக்கப்படவில்லை. எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. இன்றைய பொருள்கள் பலவற்றைத் திறக்கவே முடியாதபடி ஒட்டி விற்கிறார்கள். பழுது பார்க்கும் உரிமை வேண்டும் என்று உலகெங்கும் குரல் எழுகிறது. நம் ஒன்றிய அரசும் 2022-இல் அதற்கென ஒரு குழுவை அமைத்தது. உரிமை நாளை சட்டமாக வரலாம். பயன்படுத்தத் தெரியாதவன் கையில் உரிமை இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன?

மூன்றாவது வாதத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை; மனத்துக்குள் வைத்திருக்கிறார்கள். "பட்டம் படித்துவிட்டு வண்டிக்கு அடியில் படுப்பதா?" என்பதே அது. நண்பர்களே, இதுதான் நம் நாட்டைப் பிடித்த பழைய நோய். கையால் உழைப்பவன் தாழ்ந்தவன், உட்கார்ந்து சொல்பவன் உயர்ந்தவன் என்று பிறப்பின் பெயரால் வகுத்த கொடுமையை நாம் மேடையில் கண்டிக்கிறோம்; ஆனால் கையில் எண்ணெய் பட்டால் முகம் சுளிக்கிறோம். சாதியைப் பெயரிலிருந்து நீக்கிவிட்டோம், கையிலிருந்து நீக்கவில்லை.

கோவையின் ஜி. டி. நாயுடு அவர்களை நினைத்துப் பாருங்கள். 1893-இல் பிறந்தவர். பள்ளிப் படிப்பு அவரைக் கட்டிவைக்கவில்லை. வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, பாடுபட்டுப் பணம் சேர்த்து அதை வாங்கி, பிரித்துப் பிரித்துப் பூட்டியே எந்திரவியலைக் கற்றார். பிறகு பேருந்து நிறுவனம் நடத்தினார், தொழிற்சாலை கண்டார், கோவையில் பொறியியற் கல்வி வேரூன்றக் காரணமாயிருந்தார். கல்லூரியில் நான்கு ஆண்டுகளைக் கழிப்பது வீண், முறையாகக் கற்பித்தால் இரண்டே போதும் என்று வாதிட்டார். அவர் சொன்ன கால அளவை ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். ஆனால் கை அறியாத எந்திர அறிவு அரை அறிவு என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

பெயரும் வேண்டும், பொருளும் வேண்டும்

தமிழ் மன்றத்தார் என்ற முறையில் நமக்கு ஒரு தனிக் கடமை உண்டு. 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடவியலையும் எந்திரவியலையும் தமிழ்வழியில் கற்பிக்கத் தொடங்கியது. அதற்குப் பல்லாண்டு முன்பே கோவையிலிருந்து 'கலைக்கதிர்' அறிவியலைத் தமிழில் பேசியது. 1954 முதல் வெளிவந்த கலைக்களஞ்சியம் தமிழால் முடியும் என்று காட்டியது. அந்த முன்னோடிகளை வணங்குகிறேன். ஆனால் அகராதி செய்வோர் பட்டறைக்குப் போய்க் கேட்டுச் சொல் திரட்டினார்களா? மேனிபோல்டுக்கு அறையில் உட்கார்ந்து ஐந்து தனித்தமிழ்ச் சொற்களை ஆக்கலாம். பட்டறையில் ஒருவரும் அவற்றைச் சொல்லாவிட்டால் அவை ஏட்டிலேயே உறங்கும். ஸ்லோ, பேக்கிங், எதிர்வெடி, காற்றுப் பிடித்தல், லூஸ், டைட் என்று உழைப்பவர்கள் வாயில் வழங்கும் சொற்களை முதலில் பதிவு செய்வோம். அவற்றோடு நல்ல தமிழ்ச் சொல்லையும் அருகில் வைப்போம். எது நிலைக்கும் என்பதை மக்கள் முடிவு செய்யட்டும். தமிழ் வாழ்க என்று சுவரில் எழுதுவதைவிட, தமிழில் ஒரு பழுதுபார்க்கும் கையேடு எழுதுவது தமிழை வாழவைக்கும்.

மூன்று வேண்டுகோள்களை நம் மன்றத்தின் முன் வைக்கிறேன். ஒன்று: பழைய எஞ்சின் ஒன்றை இரும்புக் கடையிலிருந்து வாங்கி மன்றத்தின் பொறுப்பில் வைப்போம். எந்திரவியல் மாணவர் மட்டுமன்றி, இலக்கியம் படிப்பவரும் வரலாறு படிப்பவரும், ஆண்களும் பெண்களும், ஆண்டுக்கு ஒரு முறையேனும் அதன் மேனிபோல்டு பேக்கிங்கைத் தம் கையால் மாற்றிப் பழகட்டும். இரண்டு: நம் ஆண்டு விழாவில் அமைச்சருக்கும் நடிகருக்கும் போடும் மாலைகளில் ஒன்றைக் குறைத்து, மட்டாஞ்சேரிப் பக்கத்துப் பட்டறைகளிலிருந்து மூத்த ஆசான் ஒருவரை அழைத்துப் பாடம் நடத்தச் சொல்வோம். அவர் தமிழரானாலும் மலையாளியானாலும் சரி. அவருக்கு நன்றி மட்டும் சொல்லி அனுப்பாமல், ஒரு பேராசிரியருக்குத் தரும் மதிப்பூதியத்தைத் தருவோம். மூன்று: அவர் செய்வதைப் படமும் சொல்லுமாகத் தமிழிலும் மலையாளத்திலும் சிறு கையேடாக்கி, கல்நார் எச்சரிக்கையை முதற் பக்கத்தில் அச்சிட்டு, பட்டறைதோறும் விலையின்றிக் கொடுப்போம்.

இவை பெரிய செலவுகள் அல்ல. ஓர் ஆண்டு விழாவின் ஒலிபெருக்கி வாடகைக்குள் அடங்கும். ஆனால் இவற்றைச் செய்தால், நூலகத்துக்கும் பட்டறைக்கும் இடையே நெடுங்காலமாகக் கசிந்துகொண்டிருக்கும் அறிவு வீணாகாமல் நிற்கும். ஒருபுறம் கற்றவர், மறுபுறம் உழைப்பவர். இருவரையும் ஒரே அழுத்தத்தில் பிடிக்கும் வாஷராக மாணவர் சமுதாயம் அமைய வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் பிடிப்புப் போய்விடும் என்பதை அந்தப் பழைய எஞ்சினே நமக்குச் சொல்லித் தருகிறது.

படிப்போம், பட்டம் பெறுவோம், அந்தப் பட்டத்தைப் பெறும் கையில் கொஞ்சம் எண்ணெய்க் கறையும் இருக்கட்டும்!